ஏட்டையா வீட்டு நெட்டு

"சரி, இப்பச் சொல்லு. நேத்து நல்லாத்தான இருந்த? இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு உனக்கு?"

உக்கிரபாண்டி இப்படிக் கேட்பது டிவி மேசையின் மேல் இருக்கும் வைஃபை பெட்டியிடம். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கால்களில் இரண்டு கைகளையும் ஊன்றி, முகத்தை அதற்கு நேராகக் கொண்டுபோய்க் கேட்கிறார். பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டுகிறது. "முழிக்கிறதப் பாரு" என்கிறார். பிறகு பின்பக்கம் கையை விட்டு ஒயரைப் பிடுங்குகிறார். வாய்விட்டுப் பத்து வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி சொருகுகிறார். மாலை ஆறரை மணி ஆனால் தினமும் இந்த விசாரணை நடக்கும். ஏழு மணிக்குப் புனேயிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிடுவான். அதற்குள் பெட்டி வழிக்கு வந்தாக வேண்டும்.

போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாவட்டத்தின் பாதி ஸ்டேஷன்களில் பாரா நின்ற கால்கள் அவருடையவை. ஊரில் இன்றைக்கும் ஏட்டையாதான். பேரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆளைப் பார்த்தால் பயம் போய்விடும். மீசை மட்டும் பேருக்கு ஏற்றபடி இருக்கிறது. மற்றபடி ஒல்லி உடம்பு, முன்பக்கம் லேசான கூனல், எந்நேரமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வீட்டுக்குள் இருக்கும்போதும் சட்டையைக் கழற்ற மாட்டார். யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பார். அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை, என்னைத் தவிர.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் அவர் வீடு. அதற்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு மாமரம் நிற்கிறது. அது யார் இடத்தில் நிற்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. காய்க்கிற காலத்தில் முழுக்க முழுக்க மலைக்குரங்குகள்தான் அனுபவிக்கின்றன என்பதால் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. நான் பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப் அடிக்கிறேன். நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்பதால் ஏட்டையாவின் கணக்கில் இன்டர்நெட் என்னுடைய பொறுப்பு. என் வீட்டில் நெட் கிடையாது, எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பவில்லை. குற்றவாளிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ. "தம்பி, செத்த வந்துட்டுப் போங்க" என்று சுவருக்கு மேல் மீசை தெரியும். போகாமல் இருக்க முடியாது.

பெட்டி அவர் வீட்டில் இருக்காத இடம் இல்லை. முதலில் படுக்கை அறை, பிறகு ஃபிரிட்ஜின் தலை, பிறகு ஜன்னல் கம்பியில் சணல் போட்டுக் கட்டு. ஒரு சமயம் ஒயரைக் கதவிடுக்கில் விட்டு, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "விலகூடின பொருளு, வெளிய கெடக்கலாமா?" சாயங்காலம் படம் வரவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார். பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ள வச்சா வேல செய்யாதுன்னு அட்டப்பொட்டியில எழுதணும்ல" என்றார்.

அந்த வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான். மனைவி வெள்ளத்தாய் புனேயில் மகன் கௌதம்ராஜோடு இருக்கிறார். மகன், மருமகள் இரண்டு பேருக்கும் வேலை. பேரன் பிறந்த கையோடு மூன்று மாதத்துக்கு என்று போனவர். பிள்ளை தவழட்டும் என்றார்கள், தவழ்ந்தது. நடக்கட்டும் என்றார்கள், நடந்தது. இப்போது பிளே ஸ்கூலில் சேர்க்கிற வரைக்கும் என்று பேச்சு. இவரும் அங்கேயே போய் இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனார். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. மருமகள் ஹாலுக்கு வந்தால் இவர் பால்கனிக்குப் போவார்; அவள் துணி காயப்போட பால்கனிக்கு வந்தால் இவர் ஹாலுக்கு வருவார். "நான் இருந்தா அந்தப் புள்ள வீட்டுக்குள்ள நிம்மதியா நடமாட முடியல தம்பி. பாவம், அதுவும் எம்புட்டு நேரந்தான் ரூமுக்குள்ளயே கெடக்கும்?" என்று சொல்லி ரயில் ஏறிவிட்டார்.

தனியாக இருக்கப் பழகிக்கொண்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்து வாசல் தெளிக்கிறார். கோலம் போடத் தெரியாது. மாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு உள்ளே போகிறார். காலையில் வடித்த சோறுதான் இரவுக்கும். கடைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது, வெறும் வீட்டைப் பார்த்து "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டுகிறார். முதல் தடவை என் காதில் அது விழுந்தபோது யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டபோது புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கதவைப் பூட்டுகிற நேரம் நான் வெளியே நிற்பதில்லை.

ஏழு மணிக்கு வருகிற அந்தப் போனில் அப்படி என்னதான் பேசுவார்? "சாப்டீங்களாப்பா?" என்பான் மகன். "ம்" என்பார். "அங்க மழ உண்டா?" "இல்ல." பிறகு பேரனின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவார்கள். அது போனை வாயில் வைக்கப் பார்க்கும். இவர் "ஏலே, ஏலே" என்பார். அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தைக்காகத்தான் பெட்டியைப் பிடுங்குவது, சொருகுவது, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "ஏட்டு உக்கிரபாண்டி பேசுறேன், ரிட்டயர்டு, ஒரு கம்ப்ளெயிண்டு" என்று ஆரம்பிப்பது எல்லாம். செண்பகத்தோப்புப் பக்கம் செல்போன் டவர் ஒரு கோட்டுக்கு மேல் காட்டாது. அதில் பேச்சு வரும், படம் வராது. படம் வேண்டுமென்றால் இந்தப் பெட்டிதான் கதி.

மகன் நல்ல பிள்ளைதான். படம் நின்று நின்று வருவதைப் பார்த்துவிட்டு, "வீடியோவ ஆஃப் பண்ணிருங்கப்பா, சவுண்டு நல்லாக் கேக்கும்" என்றான். ஏட்டையாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "சவுண்டு எவனுக்குடா வேணும்?" என்றார். மகன் விழித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த நானும் விழித்தேன்.

அன்றைக்குத்தான் அவர் கண் போகிற இடத்தைக் கவனித்தேன். திரையில் முழுக்கப் பேரன் முகம். இவர் அதைப் பார்க்கவில்லை. மேலே இடது மூலையில் அடுப்படிக் கதவு கொஞ்சம் தெரிகிறது. பார்வை அங்கே நிற்கிறது. சற்றைக்கெல்லாம் வெள்ளத்தாய் அந்தக் கதவிலிருந்து வந்தார், கையில் ஒரு டம்ளர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே நடந்து மறைந்தார். ஏட்டையா போனுக்குப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார், அப்படிப் பார்த்தால் மனைவி போன இடம் தெரிந்துவிடும் என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் அதே டம்ளரோடு அந்தம்மா திரும்பி வந்தார். பிறகு மறுபடியும் போனார். ஒரு டம்ளரை வைக்க அத்தனை நடை தேவையில்லை. அந்தம்மாவும் இந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டுதான் போனார்.

போனை வைத்ததும் கேட்டுவிட்டேன். "அம்மாகிட்டக் குடுன்னு கேக்க வேண்டியதுதான ஏட்டையா?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் என்னைப் பார்த்தார். "மருமக நிக்கிற எடத்துலயா? என்ன பேச்சுப் பேசுறீக தம்பி."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய மனிதன் பெற்ற மகனிடம் 'உங்கம்மாவக் காட்டு, பாக்கணும்' என்று சொல்லிவிட முடியுமா? நாக்கு வராது. அந்தம்மாவும் மகன் கையிலிருந்து போனை வாங்கிப் புருஷனோடு பேச மாட்டார். அவரிடம் ஒரு பட்டன் போன் இருக்கிறது. மத்தியானம் இவர் அதில் கூப்பிடுவார். "மாத்திர போட்டியா?" "போட்டேன். நீங்க?" "ம்." "வைக்கவா?" அதோடு சரி.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "பேசவா செஞ்சோம் இம்புட்டு வருசமும்? ட்யூட்டி முடிச்சு வருவேன். சோத்தப் போடுவா. அங்கிட்டும் இங்கிட்டும் கண்ணு முன்னால நடமாடிக்கிட்டுக் கெடப்பா. அதுக்கு மேல என்ன வேணும்னு இருந்துட்டேன்."

பெட்டி மேல் அவருக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று அப்போது விளங்கியது. "அவ வர்ற நேரமாப் பாத்துத்தான் தம்பி படம் நிக்குது. பயலோட மூக்குலயே நிக்குது. மறுபடி ஓடும்போது அவ அந்தப் பக்கம் போயிருதா."

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வெள்ளத்தாய். மோதிர விரல் நுனியால் சந்தனத்தைத் தொட்டு, அதன் மேல் குங்குமத்தை ஒற்றினால் மணி மணியாக இருக்கும். இந்த வருஷம் ஏட்டையாவே வைத்தார். ஸ்டேஷனில் துப்பாக்கிகளுக்கு வைத்துப் பழகிய கை. கட்டை விரலால் சந்தனத்தை வழித்து அப்பினார். கேஸ் அடுப்பு, மோட்டார் சுவிட்சு, அரிவாள்மணை, சுவரோரம் நிறுத்தியிருந்த என்னுடைய பைக் எதையும் விடவில்லை. வைஃபை பெட்டிக்கு மட்டும் கூடுதலாக ஒரு விரல். "இதுக்குத்தான் தம்பி முக்கியமா வைக்கணும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நெட் அடியோடு போய்விட்டது. ஒயரைப் பிடுங்கினார், சொருகினார், மிரட்டினார், தட்டினார். மகன் சாதாரணப் போனில் கூப்பிட்டு, சரியாகட்டும், அதுவரைக்கும் இப்படியே பேசலாம் என்றான். "ம்" என்று வைத்துவிட்டார்.

கஸ்டமர் கேரில் கேட்டார்கள். "ஐயா, பெட்டியில ஓரமா செகப்பு லைட்டு எரியுதா?"

பக்கத்தில் போய்ப் பார்த்தார். "செகப்பு எரியலம்மா. பச்சதான் எரியுது."

"அப்ப லைன் நல்லாருக்கு ஐயா. உங்க போன்லதான் ஏதோ கோளாறு."

போனைக் கடைக்குக் கொண்டுபோனார். அதில் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி கஸ்டமர் கேர், மறுபடி செகப்பு எரியுதா, மறுபடி எரியல. இப்படியே நாட்கள் போயின. ஆறரை மணிக்குப் பெட்டியின் முன்னால் உட்காருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஆனால் திட்டுவது நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏழரை மணிக்கு அவர் வீட்டு விளக்கு அணைந்துவிடும்.

ஒரு காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ராஜபாளையம் ஆபீசுக்கே நேர்ல போறேன் தம்பி. நீங்களும் வாங்க." என் சம்மதத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் போனோம். அவர் கனெக்‌ஷன் வாங்கிய கேபிள் ஆபீஸ் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. கவுண்டரில் யோகேஸ்வரி என்று பேர் அட்டை மாட்டிய பெண். அந்தப் பெண்ணும் முதலில் செகப்பு லைட்டு எரியுதா என்றுதான் கேட்டது.

"முப்பது வருசம் கோர்ட்டுல சாட்சி சொன்னவம்மா நான்" என்றார் ஏட்டையா. "எரியலன்னா எரியல."

"கோவிச்சுக்கிடாதீங்க ஐயா. வீட்ல வேற யாராச்சும் இருந்தா ஒருவாட்டி பாத்துச் சொல்லச் சொல்லுங்களேன்."

"வீட்ல யாரும் இல்ல."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கவுண்டர் பலகையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தது. "ரொம்ப அவசரமா ஐயா?" என்று குரலைத் தணித்துக் கேட்டது.

"பேரனப் பாக்கணும்" என்றார்.

அது பொய் என்று அந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோர்ட்டில் எப்படிச் சாட்சி சொன்னாரோ தெரியாது. அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் காது மடல் சிவந்துவிட்டது. நாளைக்கே ஆள் அனுப்புவதாக அந்தப் பெண் சொன்னது.

சொன்னபடியே மறுநாள் பத்து மணி சுமாருக்கு கேபிள் ஆபீசிலிருந்து ராம்கி வந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ள, அதிகம் பேசாத ஆள். பெட்டிக்கு முன்னால் குனிந்தான். அதன் வலது ஓரத்தில் காய்ந்து கட்டியாகிக் கிடந்த பொட்டைப் பார்த்தான்.

"ஏட்டையா, இது என்னது?"

"சந்தனம்."

ராம்கி நகத்தால் சுரண்டினான். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூஜைக்கு மறுநாளிலிருந்து பொட்டுக்கு அடியில் எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ராம்கியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். ஏட்டையா சிரிக்கவில்லை. உதிர்ந்த சந்தனத்தை மேசையிலிருந்து உள்ளங்கையில் கூட்டி எடுத்தார். "பொய்ச்சாட்சி சொல்லிப்புட்டனே" என்றார். பிறகு, "அவ இருந்தா சின்னதா வச்சிருப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சிவப்பு எரிந்தால் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தமாம். ராம்கி தேடிப் போய் மாமரத்திலேயே கண்டுபிடித்தான். கிளையோடு போகிற ஒயரைப் பிடித்துக் குரங்குகள் தொங்கியிருக்கின்றன. முன்பே நசுங்கி நசுங்கித்தான் படம் நின்று நின்று வந்திருக்கிறது, கடைசியில் அறுந்தேவிட்டது. ஏணி போட்டு, அறுந்த இடத்தில் ஜாயிண்ட் போட்டு, ஒயரை மரத்தில் படாமல் சுவரோரமாக இழுத்துக் கட்டினான். கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "யாருக்காச்சும் வீடியோ கால் போட்டுப் பாருங்க ஏட்டையா" என்றான்.

"ஏழு மணிக்குத்தான் வரும்."

"அம்புட்டு நேரம் நான் நிக்க முடியாது. குடுங்க இங்க."

போனை வாங்கி, யாருக்கு என்று கேட்டுக்கொண்டு, கௌதம் என்று இருந்த இரண்டு நம்பரில் முதல் நம்பரை அமுக்கிவிட்டு அவர் கையில் கொடுத்தான். அது மகனுடைய பழைய நம்பர். அந்தப் போனைப் பிள்ளைக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது ஏட்டையாவுக்கும் தெரியாது. மணி அடித்தது. பிள்ளைதான் விரலை வைத்திருக்க வேண்டும். திரையில் ஒரு மின்விசிறி சுற்றியது. சின்னக் கை ஒன்று அதை மறைத்தது. "என்னத்தப் போட்டு அமுக்குத? குடு இங்க" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு வெள்ளத்தாயின் முகம் வந்தது. மூலையில் இல்லை, குறுக்கே போகவில்லை. திரை நிறைய இருந்தது.

மகன் இல்லை, மருமகள் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்கள்.

"படம் நல்லா வருது" என்று சொல்லிவிட்டு ராம்கி ஏணியை எடுக்க வெளியே போய்விட்டான். நானும் போயிருக்க வேண்டும். வாசற்படி வரைக்கும்தான் போனேன்.

"நாந்தான்" என்றார் ஏட்டையா.

"தெரியுது."

"நெட்டு சரியாப்போச்சு. அதான், சும்மா."

"ம்." அந்தம்மா நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். "எளச்சுப் போயிட்டீக."

அந்தம்மா எந்த டம்ளரையும் எடுக்கப் போகவில்லை. ஏட்டையா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முக்காலியில் நிமிர்ந்து, இமைகூடக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளை எங்கேயோ எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. நேரம் போயிற்று.

திரையில் வெள்ளத்தாயின் புருவம் சுருங்கியது. முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்து போன் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏங்க? படம் நின்னுபோச்சா? ஏங்க, கேக்குதா?"

ஏட்டையா போனிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஐந்து விரல்களையும் விரித்து, மெதுவாக அசைத்துக் காட்டினார்.